எஞ்சியவற்றுக்கு ஒரு பெயர்

கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் தொகுத்த 'மூலங்கள்' நூலின் முதல் புத்தகம் 23 வரையறைகளோடு தொடங்குகிறது. இவற்றில் 22ஆவது நாற்கரங்களுக்குப் பெயர் வைக்கிறது. நாலு பக்கமும் சமம், கோணம் செங்கோணம் என்றால் சதுரம். செங்கோணம் உண்டு, பக்கங்கள் சமமில்லை என்றால் செவ்வகம். பக்கங்கள் சமம், செங்கோணமில்லை என்றால் சாய்சதுரம். எதிரெதிர்ப் பக்கங்களும் கோணங்களும் மட்டும் சமமாயிருப்பதற்கு இன்னொரு பெயர். மிச்சமெல்லாம் 'ட்ரபீசியா'. கிரேக்கத்தில் சின்ன மேஜை என்று அர்த்தம்.

இணைகோடுகள் 23ஆவது வரையறையில்தான் வருகின்றன. அதாவது, பெயர் சூட்டி முடித்த பிறகு. இதை வெறும் வரிசைப் பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. பக்கத்தையும் கோணத்தையும் அளந்துவிடலாம். எவ்வளவு நீட்டினாலும் இரண்டு கோடுகள் சந்திக்காதுங்கிறதை யாரால் அளக்க முடியும்? அதை நிரூபிக்கத்தான் வேண்டும். 33, 34ஆம் தேற்றங்களில்தான் இணைகரம் வந்து சேர்கிறது: எதிர்ப்பக்கங்கள் சமம், எதிர்க்கோணங்கள் சமம், மூலைவிட்டம் பரப்பைச் சரிபாதியாக்கும். சதுரம், செவ்வகம், சாய்சதுரம் எல்லாவற்றுக்கும் இது பொது. வரையறை தனித்தனியே நிறுத்தி வைத்தவற்றைத் தேற்றம் ஒன்றுசேர்க்கிறது. யூக்ளிடின் வரையறைப்படி சதுரம் செவ்வகமாகாது. இன்றைய பாடப்புத்தகத்தில் சதுரமும் ஒரு செவ்வகம்தான்.

சரி, அந்த 'மிச்சம்' என்னவாயிற்று? கி.பி. 5ஆம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ், ஒரு ஜோடி இணைப்பக்கம் உள்ளதை மட்டும் ட்ரபீசியம் என்றார். எதுவும் இணையாக இல்லாதது ட்ரபீசாய்டு. 1795இல் லண்டனில் வெளியான சார்ல்ஸ் ஹட்டனின் கணித அகராதி இரண்டையும் இடம் மாற்றிப் போட்டது. பிரிட்டன் பின்னர் பழைய பொருளுக்கே திரும்பிவிட்டது. அமெரிக்கா மாறியதையே பிடித்துக்கொண்டது. இன்றும் அப்படித்தான்.

தமிழில் இதைச் சரிவகம் என்கிறோம். வரையறை இணையான பக்கங்களைப் பேச, நம் சொல் சரிந்த பக்கங்களைப் பார்க்கிறது. 'சதுரம்' இன்னும் சுவாரஸ்யமானது. நாலு என்கிற வடசொல்லிலிருந்து வந்தது. நாலுங்கிற எண் எல்லா நாற்கரத்துக்கும் பொது. பெயர் மட்டும் ஒழுங்கான ஒன்றுக்குப் போய்விட்டது.

பெயரை மாற்றினால் தேற்றம் பொய்யாகிவிடாது. ஆனால் எது எதற்குள் அடங்கும், எது 'மற்றவை' என்று ஒதுக்கப்படும் என்பதைத் தேற்றம் தீர்மானிப்பதில்லை, வரையறுக்கிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். அந்த முடிவுக்கு வரலாறு உண்டு. வகுப்பறையில் அதை இயற்கையின் விதிபோல ஒப்பிக்கச் சொல்லி, மாற்றிச் சொன்ன பிள்ளைக்கு மார்க்கை வெட்டுகிறோம். சதுரம் ஏன் செவ்வகமாகும், ஏன் ஆகாமலும் இருக்கலாம் என்று அதே வகுப்பில் விவாதிக்க வைத்தால், நிரூபணம் எதற்குத் தேவை என்பதும் பிள்ளைகளுக்குச் சேர்ந்தே புரியும்.