வேட்டை விதிகளும் அயல்நாட்டு மரங்களும்: நீலகிரி வரையாட்டின் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில், சோலை எனப்படும் அடர்ந்த குறுங்காடுகள் மடிப்புகளிலும் புல்வெளிகள் சரிவுகளிலும் அமைந்த நிலப்பரப்பே வரையாட்டின் வாழிடமாகும். புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவற்றிடமிருந்து தப்பச் செங்குத்தான பாறைகளை நாடும் இவ்விலங்கு, மேய்ச்சலுக்கு அவற்றை ஒட்டிய புல்வெளியையே நம்பியிருப்பதால், இவ்விரண்டும் அருகருகே உள்ள இடங்களில் மட்டுமே நிலைத்து வாழ்கிறது.

19ஆம் நூற்றாண்டில் நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயர் இதனை விரும்பி வேட்டையாடினர். விலங்குகள் அருகிவரவே, வேட்டை தொடர வேண்டும் என்ற நோக்கத்துடனேயே 1877இல் ஒரு சங்கத்தை அமைத்தனர். அதையடுத்து 1879இல் இயற்றப்பட்ட நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட பருவங்களில் வேட்டையைத் தடைசெய்ய வழிவகுத்தது. தெற்கே கண்ணன் தேவன் மலையின் தேயிலைத் தோட்டத்தாரும் இரவிகுளம் பீடபூமியைத் தம் வேட்டைக்கென ஒதுக்கி, முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு அமர்த்தினர். 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட அந்நிலத்தில் புல்வெளி பெரிதும் சிதையாமல் எஞ்சியதால், இன்றும் வரையாடுகள் மிகுந்து வாழும் இடங்களுள் அது முதன்மையாக விளங்குகிறது.

நீலகிரியிலோ வேட்டை விதிகள் இருந்தும் புல்வெளி காக்கப்படவில்லை. மரமற்ற நிலத்தைப் பயனற்ற தரிசாகக் கருதிய ஆட்சியாளர், விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்த சீகை, கற்பூர மரங்களை அதில் நட்டனர். விடுதலைக்குப் பின்னர் தோல் பதனிடும் துவர்ப்பொருளுக்காகச் சீகையும், செயற்கைப் பட்டிழைக்கான மரக்கூழுக்காகக் கற்பூர மரமும் இன்னும் பரந்த அளவில் வளர்க்கப்பட்டன. சீகை தானே பரவும் இயல்புடையதாகையால், நடாத சரிவுகளையும் அது மூடியது. மேய்ச்சல் நிலம் துண்டுபட்டு, மந்தைகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றுப் போயின.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரையாட்டை வேட்டையாடுவதைத் தடைசெய்தபோதிலும், இழந்த புல்லை அதனால் மீட்க இயலவில்லை. 1975இல் இவ்விலங்கை ஆராய்ந்த ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7ஆம் நாளை வரையாடு நாளாகக் கொண்டாடும் தமிழ்நாடு அரசு, 2022இல் 25.14 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது; 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகள் பதிவாயின. சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்பதும் இன்று இவ்விலங்கின் பாதுகாப்புப் பணியாகியிருப்பது, மரம் நடுவது எல்லா நிலத்திற்கும் நன்மையே என்ற நெடுங்கால நம்பிக்கை இம்மலைகளுக்குப் பொருந்தவில்லை என்பதை உறுதிப்படுத்துகிறது.