சதுரகிரி மலைப்பாதை

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் கோயில்களுக்கு ஏறும் ஒரு நாள் மலைநடை சதுரகிரி மலைப்பாதை. ஏறும் வாசல் விருதுநகர் மாவட்டத்தில். கோயில்கள் மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில்.

எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கத்தவர்களுக்குக் கழுகுமலை கூப்பிடு தூரம்; ஆனால் காலைச் சோதிக்கும் மலை என்றால் சதுரகிரிதான். ஆடி அமாவாசைக்கு அவர்கள் வேன் பிடித்துக் கிளம்புவதற்குப் பக்தியோடு பருவமும் ஒத்துவருகிறது. கரிசலில் மானாவாரி விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில். ஆடியில் நிலத்தில் பெரிய வேலை இருக்காது.

தூரம் பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் ஏற நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பசுக்கிடை, பிலாவடி கருப்பசாமி என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பெயர் உண்டு. வழுக்குப்பாறை பெயருக்கேற்ற சரிவு. ஈரம் பட்டுவிட்டால் பழகிய காலும் தடுமாறும். மேலே சுந்தரமகாலிங்கம் சற்றே சாய்ந்த லிங்கம். பச்சைமால் என்ற இடையனின் அடி பட்டுச் சாய்ந்தது என்பது தலக்கதை. அதற்கும் மேலே தவசிப்பாறை.

இந்தப் பாதையில் செங்குத்தைவிட ஓடைகளுக்குத்தான் பயப்பட வேண்டும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும். உச்சியில் பெய்த மழை ஓடையில் திடீரென இறங்கும். 2015 மே மாதம் அப்படி வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் பலர் உயிரிழந்தனர். அதன்பின் நெடுங்காலம் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டிய நாட்களில் மட்டுமே ஏற விட்டார்கள். இரவில் மேலே தங்கவும் தடை வந்தது. மழை அறிகுறி தெரிந்தாலே வனத்துறை வாசலை அடைத்துவிடும். வெகுதூரம் வந்தவர்கள் முணுமுணுப்பார்கள் என்றாலும், அந்த ஓடைகளைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்லமாட்டார்கள்.

இந்த மலையைச் சூழ்ந்த காடு 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. தாணிப்பாறைப் பக்கத்துச் சரிவுகள் வைப்பாற்றின் வடிநிலம். சாத்தூர், விளாத்திகுளம் வழியாகக் கடலுக்குப் போகும் அந்த ஆற்றில் மணலைத்தான் ஆண்டில் பெரும்பகுதி பார்க்கலாம்.