பாதரசம் கப்பலேறிய துறைமுகம்

தூத்துக்குடி வரலாறு என்றால் முத்து, சங்கு, உப்பு என்று எழுதுவார்கள். 2003 மே மாதம் நம் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு சரக்கை யாரும் பேசுவதில்லை. கொடைக்கானலிலிருந்து மலையிறங்கி வந்த சுமார் 290 டன் பாதரசக் கழிவு அது.

நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த பாண்ட்ஸ் தெர்மாமீட்டர் ஆலை 1983-இல் கொடைக்கானலுக்கு வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, செய்து முடித்த தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்கே போனது. உடைந்த கண்ணாடியும் சிந்திய பாதரசமும்தான் இங்கே தங்கின. பின்னாளில் ஆலை இந்துஸ்தான் லீவர் வசமானது.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடி 7.4 டன் கிடப்பதை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் அம்பலப்படுத்தினார்கள். விதிமுறையை மீறி அது விற்கப்பட்டதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டது. போராட்டம் தொடர்ந்ததால்தான் கழிவு கப்பலேறி, பென்சில்வேனியாவில் உள்ள மறுசுழற்சி ஆலைக்குப் போனது. அத்தகைய ஆலையில் கழிவை மூடிய உலையில் சூடாக்கி, ஆவியாகும் பாதரசத்தைக் குளிரவைத்துத் திரும்பப் பிடிப்பார்கள்.

தொழிலாளர்களுக்கு நீதி அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. உடல்நலம் கெட்டதற்கு ஆலையே காரணம் என்று முன்னாள் தொழிலாளர்கள் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நிறுவனம் அதை மறுத்தே வந்தது. 2016 மார்ச்சில்தான் 591 பேருக்கான உடன்பாடு கையெழுத்தானது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். டியூப்லைட், சிஎஃப்எல் பல்பு, பழைய தெர்மாமீட்டர், எல்லாவற்றிலும் அதே பாதரசம்தான். ஒரு டியூப்லைட்டில் சில மில்லிகிராம்தான் இருக்கும். ஆனால் தெருத்தெருவாக உடைந்த டியூப்லைட்டைக் கையால் அள்ளுகிறவருக்கு அது தினசரிக் கணக்கு. அந்த வேலையை இந்தச் சமூகம் யார் தலையில் கட்டியிருக்கிறது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பேசிய தூய்மைப் பணியாளர் அக்காமார் பலருக்குக் கண்ணாடி கிழிக்கும் என்று தெரியும். உள்ளே விஷம் இருப்பதை ஒருவரும் அவர்களிடம் சொன்னதில்லை.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. தனியாக வைத்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையத்தை உள்ளாட்சி அமைக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் கூறின.

எரியாத பல்பை உடைக்காமல் அட்டைப்பெட்டியில் வையுங்கள். உடைந்துவிட்டால் மின்விசிறியை நிறுத்தி, சன்னலைத் திறந்து, எல்லோரும் கால் மணி நேரம் வெளியே இருங்கள். பிறகு விளக்குமாற்றால் பெருக்காமல், கெட்டி அட்டையால் துண்டுகளை எடுத்து, பொடியை ஈரத்துணியால் ஒற்றி, மூடியுள்ள பாட்டிலில் போட்டு, மேலே 'பாதரசம்' என்று எழுதுங்கள்.

அந்தப் பாட்டிலை எங்கே கொடுப்பது என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். மலையில் கிடந்த கழிவு கடல் தாண்டிப் போனதும் மக்கள் கேட்டதால்தான். பதில் வரும்வரை அது வீட்டுக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் இருக்கட்டும். அக்காவின் தள்ளுவண்டியில் ஏற்றாதீர்கள்.