பாலுள்ள கள்ளியும் பாலில்லாக் கள்ளியும்

குறுந்தொகையின் 174ஆம் பாட்டில் ஒரு சத்தம் கேட்கிறது. மழை பெய்யாது விட்ட தனித்த காட்டில் கள்ளியின் காய் வெடிக்கிறது. அந்த ஒலிக்கு அஞ்சி, இணையாக இருந்த புறாக்கள் விலகிப் பறக்கின்றன. வெண்பூதியார் பாடியது. பொருள் தேடிப் பிரியும் தலைவனைப் பற்றிய பாட்டு என்பதால் உரை சொல்பவர்கள் புறாக்களிடம் நின்றுவிடுவார்கள். சொல்லின் வரலாறு தேடுகிறவர் நிற்க வேண்டிய இடம் அந்தக் காய். கள்ளி என்று சங்கப் புலவர் சொன்னது எந்தச் செடியை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆமணக்குக் காயை வெயிலில் உலர்த்தியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். மூன்று அறைகள், அறைக்கு ஒரு விதை. ஓடு காய்ந்து முறுக்கேறியதும் பட்டென்று வெடித்து முத்து தெறிக்கும். சதுரக்கள்ளியின் காயும் இதே கட்டமைப்புதான், அளவில் சிறியது. இரண்டும் ஒரே குடும்பம். தாவரவியலார் யூபோர்பியேசி என்பார்கள். மரவள்ளியும் ரப்பர் மரமும் அதே குடும்பத்துப் பிள்ளைகள்.

இன்று ஒரு பள்ளிப் பிள்ளையிடம் கள்ளி வரையச் சொன்னால், இரண்டு கைகளை மேலே தூக்கிய பச்சைத் தூண் ஒன்றை வரையும். அது அமெரிக்காவின் அரிசோனாவிலும் அதையொட்டிய மெக்சிகோவிலும் வளரும் சகுவாரோ. காக்டேசி என்ற வேறொரு குடும்பம். அதன் கனி சதைப்பற்றுள்ளது. பழுத்துப் பிளந்தாலும் புறாவை விரட்டும் ஓசை எழாது. இடையில் என்ன நடந்தது என்பதுதான் கள்ளி என்ற சொல்லின் கதை.

முதலில் சொல்லுக்கு உரிய செடி. நம் ஊர்ப் பொட்டல்களிலும் கரடுகளிலும் பல கள்ளிகள் உண்டு. சதுரக்கள்ளிக்குத் தண்டில் பட்டை எடுத்திருக்கும், பட்டை விளிம்பில் முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். திருகுகள்ளியில் அந்தப் பட்டை முறுக்கிக்கொண்டு ஏறும். இலைக்கள்ளி மழை கண்டால் தடித்த இலை விட்டு, கோடையில் உதிர்த்துவிடும். கொம்புக்கள்ளிக்கு முள்ளே இல்லை. பென்சில் பருமனில் பச்சைக் குச்சிகள், வேலிக்கு நடுவார்கள். தோற்றத்தில் இவ்வளவு வேறுபட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் கிடைத்ததற்கு இவற்றின் பால் காரணமாக இருக்க வேண்டும். எங்கே கீறினாலும் வெள்ளையாக வடியும். பட்ட இடம் எரியும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிறந்த பெண் குழந்தைகளைக் கொல்ல இந்தப் பாலைப் புகட்டிய கொடுமையால் 'கள்ளிப்பால்' என்ற சொல் இன்றும் தமிழில் சாதாரணமாகச் சொல்ல முடியாத சொல்லாகவே இருக்கிறது.

மலையாளத்திலும் கன்னடத்திலும் இதே சொல் இருக்கிறது. மலையாளத்துத் 'திருக்கள்ளி' கடல் கடந்தும் போனது. மலபாரில் டச்சுக் கம்பெனியின் தலைவராக இருந்த வான் ரீட், உள்ளூர் மருத்துவர்களின் துணையோடு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் இச்செடி தன் நாட்டுப் பெயரோடு இருக்கிறது. 1753இல் லின்னேயஸ் கொம்புக்கள்ளிக்கு அறிவியல் பெயர் சூட்டும்போது அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு 'யூபோர்பியா திருக்கல்லி' என்றார். உலகத்தின் எந்த நாட்டுத் தாவரவியலாரும் இன்று இச்செடியைக் குறிக்க நம் சொல்லைத்தான் உச்சரிக்கிறார்கள். இத்தனைக்கும் அந்த ஒரு கள்ளியின் தாயகம் ஆப்பிரிக்கா.

இனி மற்றக் குடும்பம். காக்டேசியில் ஏறத்தாழ 1,800 சிற்றினங்கள். கனடாவின் பீஸ் ஆற்றங்கரையில் பனியைத் தாங்கிக் கிடக்கும் குட்டிச் செடியிலிருந்து தென்கோடிப் படகோனியா வரை, முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய குடும்பம் இது. மெக்சிகோவிலும் ஆண்டிஸ் மலைச்சாரலிலும் கிழக்குப் பிரேசிலிலும் வகைகள் மிகுதி. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: ரிப்சாலிஸ் பாக்சிபெரா. மரக்கிளைகளில் தொற்றிக்கொண்டு நூல் நூலாகத் தொங்கும். முள் கிடையாது, வெண்முத்துப் போன்ற சின்னப் பழம். இது அமெரிக்காவோடு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இலங்கைக் காடுகளிலும் இயற்கையாக வளர்கிறது. பறவை கொண்டுவந்ததா, கப்பலில் வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

இந்தக் குடும்பத்தின் அடையாளம் சதைப்பற்று அன்று. பெரஸ்கியா போன்ற சில வகைகள் சாதாரண மரம் போல இலையோடும் கட்டையோடும் நிற்கும், அவையும் காக்டேசிதான். அடையாளம், அரியோல் எனப்படும் பஞ்சு போன்ற சிறு திட்டு. காக்டேசியைச் சேர்ந்த சப்பாத்திக்கள்ளியின் (நாகதாளியின்) மடலைக் கண்ணருகே கொண்டுபோனால் தெரியும்: இடைவெளி விட்டு இடைவெளி விட்டுச் சின்னச் சின்னத் திட்டுகள், ஒவ்வொன்றிலிருந்தும் கொத்தாக முள். பெரிய முள்ளின் அடியில் மயிர் போன்ற நுண்முட்கள் நெருங்கி நிற்கும். கையில் ஏறினால் நாள்கணக்கில் உறுத்துவது இவைதான், நுனியில் கொக்கி இருப்பதால் எளிதில் வராது. முள், கிளை, பூ எல்லாம் அந்தத் திட்டிலிருந்தே பிறக்கும். கள்ளிக்கு இந்தத் திட்டு கிடையாது. பூவும் அப்படித்தான். நாகதாளிப் பூ பல இதழும் நூற்றுக்கணக்கில் மகரந்தத் தாளும் கொண்டு பளிச்சென்று விரியும்; கள்ளியின் பூ, பூ என்று சொன்னால்தான் தெரியும் அளவுக்கு ஒரு சிறு மஞ்சள் கிண்ணம்.

உறவுமுறை பார்த்தால் வியப்பு கூடுகிறது. காக்டேசிக்கு நெருங்கிய சொந்தம் நம் பருப்புக்கீரை. கொஞ்சம் தள்ளி தண்டுக்கீரையும் பீட்ரூட்டும் காகிதப்பூவும் வரும். நாகதாளிப் பழம் தின்ற நாக்கைச் சிவக்க வைக்கும் நிறமியும் பீட்ரூட்டின் நிறமியும் ஒரே இனம். ஆமணக்கின் சொந்தமும் கீரையின் சொந்தமும் ஒன்றுபோல இலையைத் துறந்து, தண்டில் நீர் சேர்த்து, முள் தரித்து நிற்கின்றன. வெயில் எங்கும் ஒரே வேலையைத்தான் கேட்கிறது; பகலில் துளைகளை மூடி இரவில் திறந்து கரிக்காற்றை வாங்கிச் சேமிக்கும் வித்தையைக்கூட இரண்டும் தனித்தனியே கண்டுகொண்டன.

அமெரிக்கச் செடியான சப்பாத்திக்கள்ளி இங்கே வந்த பிறகு அதை ஊன்ற வைத்ததில் சாயத்துக்கும் பங்குண்டு. மெக்சிகோவில் நோபல் என்ற இச்செடியின் மடலில் ஒட்டி வாழும் கோச்சினீல் பூச்சியிலிருந்து அரிய சிவப்புச் சாயம் எடுத்தார்கள்; வணிகம் ஸ்பெயின்காரர் கையில். அந்த வருமானத்தில் பங்கு தேடிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் நோபல் தோட்டமே போட்டார். 1795இல் கேப்டன் நீல்சன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது உயர்ந்த சாயப்பூச்சி அன்று, காட்டுவகை. சாயம் தேறவில்லை, ஆனால் அது செடியைத் தின்று தீர்த்தது. அதைக் கண்டு, 1836-38இல் தென்னிந்தியாவுக்கும் கொண்டுவந்து களையழிக்க விட்டார்கள். களையைப் பூச்சி விட்டு அழிக்கும் முறைக்கு உலகத்தில் இதுவே மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று. அந்தப் பூச்சி தொடாத இன்னொரு வகை பின்னர் தெற்கில் வயல், மேய்ச்சல் நிலம் என்று பரவியது. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி வந்த பிறகே அது அடங்கியது.

ஊர்மக்கள் இந்தப் புதுச்செடிக்குப் பெயர் வைத்த விதம் நேர்த்தியானது. வெறும் கள்ளி என்று சொல்லவில்லை. முன்னால் ஓர் அடைமொழி சேர்த்து வேறுபடுத்தினார்கள். தட்டை மடலைப் பார்த்து சப்பாத்திக்கள்ளி. சப்பாத்துக்கள்ளி என்ற வடிவமும் உண்டு. முதலாவதில் வடக்கின் ரொட்டி, இரண்டாவதில் போர்ச்சுக்கீசியர் தந்த, யாழ்ப்பாணத்தில் இன்றும் செருப்புக்கும் பூட்ஸுக்கும் வழங்கும் சப்பாத்து. எதுவானாலும் வந்த செடிக்கு வந்த சொல். இன்னொரு பெயர், படம் எடுத்த பாம்பை நினைவூட்டும் நாகதாளி.

ஐரோப்பியரும் இப்படிப் பழைய சொல்லையே புதுச்செடிக்கு வைத்தார்கள். கிரேக்கத்தில் தியோஃப்ராஸ்டஸ் 'காக்டோஸ்' என்று எழுதியது சிசிலித் தீவின் ஒரு முட்செடியை. அமெரிக்காவையே அவர் அறியார். அந்தச் சொல்லை லின்னேயஸ் 1753இல் அமெரிக்கச் செடிகளுக்கு வைத்தார். பிறகு அந்தப் பேரினம் உடைந்து சிதறி, இன்று காக்டஸ் என்ற பெயரில் ஒரு பேரினமும் இல்லை. குடும்பப் பெயரில் மட்டும் தங்கியிருக்கிறது.

தமிழில் குழப்பம் வந்தது அடைமொழி உதிர்ந்தபோது. ஆங்கிலப் பாடத்தைத் தமிழாக்கியவர்கள் காக்டஸ் என்றால் கள்ளி என்று ஒரே சொல்லில் முடித்தார்கள். இப்போது நர்சரியில் சதுரக்கள்ளித் தொட்டியில் காக்டஸ் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. மறுபக்கம், காக்டேசியே ஆன செடிகள் அந்தப் பெயரே இல்லாமல் உலவுகின்றன. இரவில் மலரும், வீடுகளில் பிரம்மகமலம் என்று கும்பிடும் வெள்ளைப் பூ மெக்சிகோக் காட்டுக் காக்டஸ். உண்மையான பிரம்மகமலம் இமயத்துச் செடி. டிராகன் பழமும் அந்தக் குடும்பமே. குஜராத் அரசு 2021இல் அதற்குக் கமலம் என்று பெயர் சூட்டியது.

காக்டேசியைத் தமிழில் நாகதாளிக் குடும்பம் என்றே வழங்கலாம் என்பது என் முடிவு. சொல் மக்கள் வாயில் இருக்கிறது, பாலோடு அதற்கு உறவில்லை. கள்ளி என்ற பெயர் பால் வடியும் செடிகளுக்கே இருக்கட்டும். (மாமில்லேரியா போன்ற சில நாகதாளிகளிலும் பால் உண்டு என்பதால் முள்திட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.) பாடநூல் எழுதுகிறவர்களும் நர்சரிக்காரர்களும் இதைக் கைக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாகதாளிப் பழத்தை நுண்முள் போகத் தேய்த்துத் தோல் நீக்கித் தின்னலாம். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பது ஆபத்து.