தவளத்திலிருந்து துண்டு வரை: மலையில் வேலை இருந்தது, காணி இருந்ததா?

கண்டி இராச்சிய காலத்தில் மலைநாட்டையும் கரையோரத்தையும் இணைத்தவை தவளங்கள். பொதிமாடுகளின் வரிசைக்குத்தான் அந்தப் பெயர். பாக்கும் மிளகும் கீழே இறங்கின. உப்பும் கருவாடும் துணியும் மேலே ஏறின. இத்தொழிலில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. அரசனின் போக்குவரத்துப் பிரிவான மடிகே பத்தவில் அவர்கள் சேவை செய்தனர். அச்சேவைக்கு ஈடாக அவர்களுக்குக் காணி கிடைத்தது. இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளையர் வீதி வெட்டினர், கோப்பி நட்டனர். 1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1874இல் நாவலப்பிட்டியை அடைந்த தண்டவாளம், எங்கள் வட்டவளை வழியாக ஏறி 1885இல் நானுஓயாவைத் தொட்டது. தவளம் மறைந்தது.

தோட்டம் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கூலி எங்கே போயிற்று? அரிசி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. தோட்டமே அதைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்தது. வழிச்செலவும் முற்பணமும் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறின. அந்தக் கடனைத் தீர்த்தால் தொழிலாளியை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டே 'துண்டு'. கடனோடு சேர்த்து மனிதனும் தோட்டம் மாறினான். 1921இல்தான் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு போயிற்று, கொப்பி வந்தது. அட்டனிலும் நாவலப்பிட்டியிலும் கடை வைத்தவர்களில் நம்மவர்களும் இருந்தனர். அவர்களின் வரலாற்றைப் பெருமையாக மட்டும் எழுதுவது நியாயமாகாது. வேலை குறைந்த மாதத்திலும் கடனுக்கு அரிசி அளந்தது அக்கடைதான். சம்பள நாளன்று கைக்காசு முழுவதும் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். அதேவேளை, தொழிலாளரின் உரிமைக்காகத் தொழிற்சங்கம் நடத்திய அப்துல் அஸீஸும் நம்மவரே.

1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கியது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவானது. இத்தனை மாற்றங்களிலும் லயத்துக்காரரில் மிகப் பெரும்பாலோர் காணி உறுதி பெறவில்லை.

காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம் பாருங்கள். அங்கே சிற்றுடைமையாளர் தம் காணியில் கொழுந்து கொய்து தொழிற்சாலைக்கு விற்கின்றனர். நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் அவர்களுடையது. அதே செடி, அதே கொழுந்து. ஆனால் அந்த வருமானம் ஊரிலேயே சுற்றி வீடாகவும் கடையாகவும் மாறுகிறது. உறுதி கையிலிருந்தால் வங்கியும் கடன் கொடுக்கும்.

சாதாரண தரம் எழுதிய கையோடு கொழும்புக் கடைகளுக்குப் போகும் பையன்களை ஆண்டுதோறும் வழியனுப்புகிறேன். "இங்கே வேலை இல்லையா?" என்று ஒருவனிடம் கேட்டேன். "வேலை இருக்கு சேர், எங்களுக்கெண்டு ஒண்டும் இல்ல" என்றான். தவளக்காரனுக்குச் சேவையோடு காணியும் கிடைத்தது. அந்தப் பையனின் பாட்டனுக்குச் சேவை மட்டுமே கிடைத்தது.