பாத்திரம் கொடுத்துக் கட்டிய எளிமை

புதுச்சேரியில் இப்போது வீட்டை மாற்றிக் கட்டுகிறவர்கள் பலரும் கேட்பது வெள்ளைச் சுவர், தேக்கு, நிறையக் காலி இடம். 'ஜப்பான் ஸ்டைல்' என்று ஒரு பேர் வேறு. ஆனால் டோக்கியோவிலிருந்து அந்தப் பாணி இந்த ஊருக்கு வந்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி கோல்கொண்டே. வரைந்தவர் டோக்கியோவில் தொழில் நடத்திவந்த அன்டோனின் ரேமண்ட். செக் மண்ணில் பிறந்து அமெரிக்கர் ஆனவர். ஹைதராபாத் சமஸ்தானத்து அக்பர் ஹைதரி மூலம் ஒரு லட்ச ரூபாய் கிடைத்தது; கோல்கொண்டா வைரத்தை நினைவூட்டும் அந்தப் பெயர் அப்படி வந்தது. வேலையைக் கவனிக்க ரேமண்டின் அலுவலகத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகஷிமா.

கட்டடம் கான்கிரீட். வடக்கிலும் தெற்கிலும் வழக்கமான ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கத் திருப்பிவிடக்கூடிய கல்நார் சிமெண்ட் பலகைகள். வெயில் நிற்கும், காற்று வரும். அறைக்குத் தேக்குச் சட்டங்கள் வைத்த இழுப்புக் கதவு. கதவைச் சாத்தினாலும் காற்று போய்க்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பவர் வெளியே தெரியமாட்டார். சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை மெருகேற்றிப் பூசினார்கள். அறையில் கொஞ்சம் தேக்குச் சாமான், அதுவும் நகஷிமா வரைந்தது. அவ்வளவுதான். காற்றுக்கும் தியானத்துக்கும் வேண்டாத எதுவும் அங்கே இல்லை.

கீலும் தாழ்ப்பாளும் எங்கிருந்து வந்தன தெரியுமா? ஆசிரமவாசிகள் தங்கள் பித்தளைப் பாத்திரங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றை உருக்கி அங்கேயே வார்த்துக்கொண்டார்கள்.

நகஷிமா சம்பளமே வேண்டாம் என்று ஆசிரமத்தில் சேர்ந்துவிட்டார். 'சுந்தரானந்தா' என்று பெயர் பெற்றார். 1939இல் கிளம்பினார். 1942இல் ஜப்பானிய வம்சாவளி என்பதற்காக அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு ஐடஹோவின் மினிடோகா முகாமில் அடைத்தது. அங்கே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் முறையாகத் தச்சு கற்றார். பிறகு பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டு, உலகம் அறிந்த மரக்கலைஞர் ஆனார். ஆனாலும் அவருடைய முதல் மரச்சாமான்களில் சில ஏதோ ஒரு பணக்கார வரவேற்பறைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சொந்தமென்று எதையும் வைத்துக்கொள்ளாதவர்களுக்காகப் புதுச்சேரியில் செய்யப்பட்டவை.

இன்று நாமும் காலி அறைதான் கேட்கிறோம். சாமானை மட்டும் குறைக்கவில்லை. கைப்பிடி தெரியாத அலமாரி செய்து உள்ளே அடைத்துவிடுகிறோம். வடக்கு தெற்கு பார்க்காமல் கண்ணாடி வைத்து, ஏசியும் போடுகிறோம். தோற்றத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அங்கே முதலில் வீட்டுப் பாத்திரத்தைக் கொடுத்தார்கள், கதவு அதற்கப்புறம்தான் வந்தது.