ஏழு சொற்கள்: இந்தோனேசியா மூன்று தடவை தீர்த்த ஒரு கேள்வி

இஸ்லாமும் ஜனநாயகமும் ஒத்துப்போகுமா? 2019க்குப் பிறகு எங்கட நாட்டில் இந்தக் கேள்வி ரீவி விவாதம், பஸ், முகநூல் எண்டு எல்லா இடமும் ஓடித் திரிந்தது. கேட்டவர்களில் கனபேர் பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. ஆனால் கேள்வியைச் சும்மா தள்ளிவிடவும் ஏலாது. வேதநூல் வசனங்களை ஆளுக்காள் வீசிக்கொள்வதை விட, ஒரு நாடு இதை எப்படிக் கையாண்டது எண்டு பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும் எண்டு நாங்கள் நினைக்கிறோம். அந்த நாடு இந்தோனேசியா.

20 கோடிக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வாழும் நாடு அது. அப்படியிருந்தும் அதன் அரசியல் யாப்பில் இஸ்லாம் அரச மதம் இல்லை. இது தற்செயலாக நடந்ததில்லை. ஏழே ஏழு சொற்களைச் சுற்றி அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்த வாதம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

1945இல் யப்பான் போரில் தோற்றுக்கொண்டிருந்தது. ஒல்லாந்தரிடமிருந்து தான் கைப்பற்றியிருந்த இந்தோனேசியாவில் சுதந்திரத்துக்கான ஆயத்தக் குழு ஒன்றை அது அமைத்தது. யூன் 1ஆம் திகதி அந்தக் குழுவில் சுகர்ணோ ஐந்து கொள்கைகளை முன்வைத்து, அவற்றுக்கு 'பஞ்சசீலம்' எண்டு பெயர் வைத்தார். எங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பன்சாலையும் போயா நாளும்தான் ஞாபகம் வரும். சுகர்ணோ அந்தப் பழைய சொல்லுக்குள் தேசியம், மனிதநேயம், கலந்துபேசி ஆளும் ஜனநாயகம், சமூக நீதி, இறை நம்பிக்கை ஆகிய ஐந்தையும் வைத்தார்.

யூன் 22இல் ஒன்பது பேர் கொண்ட சிறு குழு ஒன்று யாப்பின் முன்னுரையை எழுதி முடித்தது. ஒன்பது பேரில் எட்டுப் பேர் முஸ்லிம்கள், ஒருவர் கிறிஸ்தவர். 'ஜகார்த்தா சாசனம்' எண்டு பெயர் பெற்ற அந்த முன்னுரையில் இறை நம்பிக்கை என்ற கொள்கையோடு ஒரு தொடர் ஒட்டியிருந்தது: இஸ்லாத்தைப் பின்பற்றுபவர்கள் ஷரீஆவை நடைமுறைப்படுத்தும் கடமையோடு. இந்தோனேசிய மொழியில் எண்ணினால் அது ஏழு சொல். அந்தக் கடமையை நிறைவேற்றப்போவது தனிமனித மனச்சாட்சியா, அரசாங்கத்தின் பொலிஸா? தொடர் அதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17இல் சுதந்திரப் பிரகடனம். அன்று மாலை, அந்த ஏழு சொற்கள் இருந்தால் கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் குடியரசில் சேரமாட்டார்கள் என்ற செய்தி மொஹமட் ஹத்தாவுக்கு வந்தது. மறுநாள் காலை அவர் முஸ்லிம் தலைவர்கள் சிலரைக் கூப்பிட்டுப் பேசினார். கால்மணி நேரம்கூட ஆகவில்லை எண்டு பின்னர் அவரே எழுதினார். ஏழு சொற்களும் நீங்கின. அந்த இடத்தில் ஏக இறைவன் மீதான நம்பிக்கை எண்டு மட்டும் நின்றது. இது அவசர யாப்பு, நிலைமை சீரானதும் முழுமையான யாப்பை எழுதுவோம் எண்டு சுகர்ணோ வாக்குக் கொடுத்தார். முஸ்லிம் தலைவர்கள் விட்டுக்கொடுத்தது அந்த வாக்கை நம்பித்தான்.

எல்லாரும் பொறுத்திருக்கவில்லை. 1949இல் கார்த்தோசுவிர்யோ மேற்கு யாவாவில் இஸ்லாமிய அரசைப் பிரகடனம் செய்து ஆயுதம் தூக்கினார். அந்தப் போர் 1962 வரை இழுபட்டது. ஆனால் இஸ்லாமியக் கட்சிகளின் பெரும்பகுதி போன பாதை வேறு. அவர்கள் வாக்குப்பெட்டிக்காகக் காத்திருந்தார்கள்.

1955இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. சுகர்ணோவின் ஆதரவாளர்களான தேசியவாதக் கட்சி 22 சதவீதம், இஸ்லாமியக் கட்சியான மஷூமி 21, நஹ்ழதுல் உலமா 18, கம்யூனிஸ்ட் கட்சி 16. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் மக்கள் தெரிவுசெய்த அரசியலமைப்புச் சபை, 1956 முதல் பண்டுங் நகரில் கூடியது. முன்னாள் பிரதமரும் மஷூமி தலைவருமான முஹம்மத் நாசிர் அங்கே அரசுக்கு இஸ்லாமே அடிப்படையாக இருக்கவேண்டும் எண்டு வாதாடினார். மக்கள் பிரதிநிதிகளின் கலந்தாலோசனை இஸ்லாத்தின் 'ஷூறா'வோடு பொருந்துகிறது, ஆனால் மார்க்கம் தெளிவாகச் சொன்ன விடயங்களில் வாக்கெடுப்புக்கு இடமில்லை என்பது அவர் நிலைப்பாடு. எதிரே நின்றவர்களில் கிறிஸ்தவர்களோடு ஏராளமான முஸ்லிம்களும் இருந்தார்கள்.

1959 மே மாதம் ஏழு சொற்களைத் திரும்பச் சேர்க்கும் யோசனை வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 201, எதிர்ப்பு 265. பழைய 1945 யாப்புக்கே திரும்புவோம் என்ற அரசாங்கத்தின் யோசனைக்கும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. யூலை 5இல் சுகர்ணோ, இராணுவத்தின் ஆதரவோடு, ஒரே ஆணையில் சபையைக் கலைத்து 1945 யாப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிண்டு யோசிக்க வேண்டும். இஸ்லாமிய அரசு கேட்டவர்கள் சபைக்குள் பேசி, வாக்களித்து, தோற்றார்கள். சபைக்குப் பூட்டுப் போட்டவர் பஞ்சசீலத்தைத் தந்தவர். நாசிரும் முழுக்கச் சுத்தம் எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. 1958இல் சுமாத்ராவில் எழுந்த கிளர்ச்சி அரசோடு அவர் சேர்ந்துகொண்டார். அதைக் காரணம் காட்டி 1960இல் மஷூமியைத் தடைசெய்தார்கள், பிறகு அவரைச் சிறையில் போட்டார்கள். எண்டாலும் 1959இல் பாராளுமன்ற ஜனநாயகத்தை முறித்தது மதவாதம் எண்டு சொல்ல வரலாறு இடம் தராது.

அடுத்து வந்த சுஹார்த்தோ, 1965-66இல் இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்ட படுகொலைகளின் மேல் தன் ஆட்சியைக் கட்டினார். 1973இல் இஸ்லாமியக் கட்சிகளை ஒரே கட்சிக்குள் அடைத்தார். 1985இல் எல்லா அமைப்புகளும் பஞ்சசீலத்தையே ஒரே அடிப்படையாக ஏற்கவேண்டும் எண்டு சட்டம் வந்தது. ஒன்றுசேர்ந்து வாழ எழுதிய ஐந்து கொள்கைகள் அடிபணிவைச் சோதிக்கும் பிரம்பாகிவிட்டன.

ஆனால் அந்த மூடுண்ட காலத்தில்தான் இஸ்லாமிய சிந்தனைக்குள் இன்னொரு குரலும் எழுந்தது. 1970 ஜனவரியில் முஸ்லிம் மாணவர் சங்கத் தலைவரான நூர்காலிஷ் மஜீத் ஜகார்த்தாவில் ஓர் உரை நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 30. இஸ்லாம் வேணும், இஸ்லாமியக் கட்சி வேணுமா எண்டு அவர் கேட்டார். இறைவன் மட்டுமே புனிதம் என்பதுதான் தவ்ஹீத் எண்டால், மனிதர் கட்டிய கட்சியையும் அரசையும் புனிதமாக்குவது அந்தத் தவ்ஹீதுக்கே முரண் இல்லையா? மஷூமிப் பரம்பரையினர் கொதித்தார்கள். மறுப்புகள் எழுதினார்கள். விவாதம் பல ஆண்டு ஓடியது. 1998 மே மாதம் மாணவர்கள் வீதியில் நிற்க, சுஹார்த்தோவைச் சந்தித்துப் பதவி விலகச் சொன்ன முஸ்லிம் தலைவர்களில் அவரும் ஒருவர்.

1999இல் சுதந்திரமான தேர்தல், 48 கட்சிகள் போட்டி. நஹ்ழதுல் உலமாவின் தலைவர் அப்துர்ரஹ்மான் வஹீத் ஜனாதிபதியானார். ஜகார்த்தா சாசனத்தை எழுதிய ஒன்பது பேரில் ஒருவரான வஹீத் ஹாஷிமின் மகன் அவர். சீன வம்சாவளியினர் தங்கள் பண்பாட்டைப் பொதுவெளியில் கொண்டாட சுஹார்த்தோ போட்டிருந்த தடையை 2000இல் நீக்கியவரும் அவர்தான்.

2002இல் யாப்புத் திருத்தம் நடந்தபோது சில இஸ்லாமியக் கட்சிகள் ஏழு சொற்களைத் திரும்பக் கொண்டுவந்தன. இந்தமுறை நாட்டின் ஆகப்பெரிய இரண்டு முஸ்லிம் அமைப்புகளான நஹ்ழதுல் உலமாவும் முஹம்மதிய்யாவும் வேண்டாம் எண்டு வெளிப்படையாகச் சொல்லின. யோசனை விழுந்தது. 1945இல் வாக்குறுதியால் மூடிய கேள்வி, 1959இல் ஆணையால் மூடிய கேள்வி. மூன்றாம் தடவை முஸ்லிம்களே தங்களுக்குள் பகிரங்கமாக வாதாடித் தீர்த்தார்கள்.

இதை வைத்து இந்தோனேசியாவைச் சொர்க்கமாக்கத் தேவையில்லை. 2017இல் ஜகார்த்தா ஆளுநராக இருந்த சீன வம்சாவளிக் கிறிஸ்தவர் அஹொக், பெரும் ஆர்ப்பாட்டங்களுக்குப் பிறகு மத நிந்தனைக் குற்றத்துக்காக இரண்டு வருடச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தக் குற்றப்பிரிவு எங்கேயிருந்து வந்தது தெரியுமா? மக்கள் தெரிவுசெய்த சபைகளைக் கலைத்துவிட்டு சுகர்ணோ ஆண்ட காலத்தில், 1965இல் அவர் பிறப்பித்த ஆணையிலிருந்து. அதே 2017இல் அரசாங்கம் ஹிஸ்புத் தஹ்ரீர் அமைப்பை நீதிமன்ற விசாரணை இல்லாமலே கலைத்தது. ஜனநாயகத்தைக் காக்கவென்று ஜனநாயகத்தின் கதவை அடைக்கும் பழைய பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை.

எங்கட யாப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் உறுப்புரை 1972இலிருந்து இருக்கிறது. பெரும்பான்மைச் சமூகத்தின் ஆகப்பெரிய அமைப்புகளே முன்வந்து 'எங்கட மதத்துக்குத் தனி இடம் வேண்டாம்' எண்டு சொன்ன ஒரு நாளை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அதனால் இஸ்லாமும் ஜனநாயகமும் ஒத்துப்போகுமா எண்டு யாராவது கேட்டால், கேள்வியைக் கொஞ்சம் அகலமாக்கிக் கேட்கலாம். பெரும்பான்மை மதம் எதுவாக இருந்தாலும், அது வாதத்தில் தோற்கவும் தோற்ற பிறகு அரசியலில் தொடர்ந்து இருக்கவும் ஒரு நாட்டில் இடம் இருக்கிறதா? இந்தோனேசியர்களுக்கு அந்த இடத்தை உருவாக்க 57 வருடம் எடுத்தது.